எச்சிலை விழுங்காத பெண்

பல்வலியால் யாரும் செத்ததில்லை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வலியில் துடிப்பவரைத் தேற்றுவதற்காகச் சொல்வது அது. வெளியே இருப்பவர்கள் அப்படிச் சொல்வதில் தவறில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட நம்மில் சிலரும் அதை நம்பிவிடுகிறோம், அதுதான் என் கவலை.

அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் நீங்கள். எந்தப் பல்லை எப்படி எடுப்பது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்கு உங்களிடம் சொல்ல இருப்பது ஒரு பெண்ணின் கதை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் அப்போது பல் மருத்துவர் நான் ஒருத்திதான். ஒரு திங்கட்கிழமை காலை. சந்தைக் கூட்டம் போல வெளியே வரிசை. அந்த வரிசையை விலக்கிக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க, டிராக் பேண்ட் போட்ட ஒரு அம்மாள் உள்ளே வந்தார். ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

"மேடம், நான் பக்கத்து ஸ்கூல் பி.டி. டீச்சர், ஸ்டெல்லா. இந்தப் புள்ளயக் கொஞ்சம் பாத்து வுட்டுடுங்க. பல்லு வலின்னு சொல்லிக்கினு இருந்துது. காலையில பாத்தா மூஞ்சி வீங்கிக் கெடக்கு. நாளிக்குக் கடலூர்ல கபடி செலக்‌ஷன். ஒரு ஊசி போட்டு மாத்திரை குடுங்க, போதும். பல்ல அப்புறமா வந்து புடுங்கிக்கிறோம்."

அந்தப் பெண்ணின் பெயர் நிஷாந்தி. பிச்சாவரத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். பதினொன்றாம் வகுப்பு. ஒல்லி, ஆனால் முழங்காலும் தோளும் ஆடி ஆடி இறுகியவை. அப்பா கேரளாவில் போட் வேலை. அம்மா இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிற வேலை. இதெல்லாம் டீச்சர்தான் சொன்னார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

"இதுல தேறிட்டான்னா ஸ்போர்ட்ஸ் ஆஸ்டல் மேடம். சாப்பாடு, படிப்பு எல்லாம் கவர்மென்ட்டே பாத்துக்கும். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இதான் கடைசி சான்ஸ்."

நான் வீக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் கண்ணில் பட்டது அவள் கையிலிருந்த கைக்குட்டைதான். நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்காராமல், முன்பக்கம் குனிந்து, கைக்குட்டையை உதட்டோடு அழுத்தியபடி இருந்தாள்.

"எச்சிய முழுங்கு பாப்போம்."

தலையை ஆட்டினாள். முடியாது என்று.

"நாக்க நீட்டு."

பல் வரிசையைத் தாண்டி நாக்கு வரவில்லை.

"உன் பேரு என்னம்மா?"

சொன்னாள். சூடான சோற்று உருண்டையை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது. தாடைக்குக் கீழே கை வைத்தேன். இரண்டு பக்கமும் பலகை போல் இறுகியிருந்தது. கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல் ஒன்றில் தொடங்கிய சீழ் நாக்குக்கு அடியில் இறங்கிவிட்டது. இனி அது நாக்கை மேலேயும் பின்னேயும் தள்ளும். மூச்சு போகிற வழி அடையும். பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பெரிய பெயர் உண்டு, உங்களுக்கும் தெரியும். அந்த நாற்காலியில் இருந்தது பெயரல்ல, ஒரு பள்ளிக்கூடப் பெண்.

அந்த நிமிடத்தில் எனக்கு எளிதான வழி ஒன்று இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். டீச்சர் கேட்டதையே செய்வது. ஊசி, மாத்திரை, "குறையலன்னா நாளன்னிக்கு வாங்க". வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்கிறது. கேட்கிறவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்காகக் கெஞ்சுகிறவர். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அன்று மாலை வரைக்கும்.

"டீச்சர், இவ நாளைக்கு ஆட முடியாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

டீச்சர் பதில் சொல்வதற்குள் நிஷாந்தி எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். பேச முடியாததால் அந்தக் கூப்பிய கையையே திரும்பத் திரும்ப ஆட்டினாள். பிறகு டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். வலுவான கை. டீச்சர் ஓரடி நகர்ந்தே போனார்.

நான் வாசலில் போய் நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார், அந்த ஈரக் கைக்குட்டையைப் பார்த்தார்.

"மழுப்பாம சொல்லுங்க மேடம். உசுருக்கா?"

"ஆமா."

அவர் நிஷாந்தியை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "செலக்‌ஷன் போனாப் போவுது வுடுறீ," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்ததை நான் கவனிக்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. இறால் கம்பெனியில் வேலைக்கு நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். கம்பெனி மேஸ்திரியைப் பிடித்துத் தகவல் சொல்ல டீச்சர் யார் யாருக்கோ பேசினார். அம்மா வந்து கையெழுத்துப் போடட்டும் என்று காத்திருக்கலாமா என்று ஒரு நர்ஸ் கேட்டார். நியாயமான கேள்விதான். பதினாறு வயசுப் பெண், பெற்றவர் யாரும் பக்கத்தில் இல்லை. ஆனால் காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதையும் நாம்தான் எடுக்கிறோம். நான் காத்திருக்கவில்லை. நரம்பில் மருந்தை ஏற்றச் சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மயக்க மருந்து டாக்டரும் தொண்டை டாக்டரும் தயாராக இருக்க வேண்டும் என்று சொன்னேன். "பல்லுக்கா மேடம்?" என்று மறுமுனையில் ஒருவர் கேட்டார். "மூச்சுக்கு" என்றேன்.

ஆம்புலன்சில் நானும் ஏறினேன். உடன் வந்த டெக்னீஷியன் சிறு வயதுக்காரர், கடமை தவறாதவர். ஸ்ட்ரெச்சரைச் சரிசெய்து, "படுக்க வெச்சு பெல்ட்டு போட்டுடலாம் மேடம்" என்றார்.

"வேணாம்பா. படுத்தா நாக்கு பின்னால வுழுந்துடும். உக்காந்தே வரட்டும். நான் புடிச்சுக்கறேன்."

அவர் தயங்கினார். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆக்சிஜனை அவள் முகத்தருகே பிடித்துக்கொண்டார். சிதம்பரம் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சைரன் போட்டாலும் ரயிலுக்குக் காது கிடையாது. அந்தக் கேட்டின் முன் நின்றபோதுதான் அவள் மூச்சில் முதன்முதலாகச் சத்தம் கேட்டது. அடைத்த குழாய்க்குள் காற்று போகிற சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள்கள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. என் கையை அவள் பற்றியிருந்த பிடி இறுகிக்கொண்டே போனது. டீச்சர் எதிரில் உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் அவள் முதுகைத் தடவியபடி, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. சில சமயம் நம் படிப்பெல்லாம் சேர்ந்து ஒருவரை நிமிர்த்தி உட்காரவைக்க மட்டுமே உதவும். அதைச் செய்தால் போதும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆட்கள் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே கொண்டுபோய்க் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். சீழை வெளியேற்றினார்கள். வெளியே வந்த தொண்டை டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, "படுக்கவெச்சுக் கொண்டு வந்திருந்தா..." என்று தொடங்கி, டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் அம்மா அஞ்சலை வந்து சேர்ந்தார். கம்பெனி உடுப்போடு, தலையில் பிளாஸ்டிக் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்த விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கண்ணாடிக் கதவு வழியாக மகளைப் பார்த்தார். கழுத்தில் குழாய். கண் மூடியிருக்கிறது. அவர் அழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பல்லுக்குத்தான மேடம் கூட்டிக்கினு போனீங்க? கழுத்த ஏன் அறுத்தீங்க?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள். அப்போது பெரிய பெயர்களைச் சொல்லாதீர்கள். நான் அவரை உட்காரவைத்து என் கையாலேயே காட்டினேன். பல் இங்கே, நாக்கு இங்கே, மூச்சு போகிற வழி இது, சீழ் இப்படி வந்தது. அவர் என் கையிலிருந்து கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"பேசுமா மேடம்?"

"பேசுவா."

அதன் பிறகுதான் அழுதார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நான் சொல்லியிருக்கவே வேண்டாம். இதைவிடத் திறமையாக உயிரைக் காப்பாற்றியவர்கள் உங்கள் ஆசிரியர்களிலேயே உண்டு. எனக்கு உறுத்தியது வேறு. அவள் வாய்க்குள் கெட்டிருந்தது ஒரு பல் இல்லை. கடைவாய்ப் பற்கள் பலவும் சொத்தை. முன்பற்களின் ஈறோரத்தில் சுண்ணாம்பு போல் வெள்ளைக் கோடுகள். பதினாறு வயதில் ஒரு வாய் இப்படி ஆவதற்கு வருடங்கள் பிடிக்கும். இத்தனை நாளும் இந்தப் பெண் எங்கே இருந்தாள்?

வார்டுக்குப் போகும்போதெல்லாம் அஞ்சலை அதையேதான் கேட்டார். "காலையிலயும் ராவுலயும் பல்லு தேய்க்குது மேடம். நான் பாத்துருக்கேன். முட்டாய் மட்டும் திங்காதடின்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அப்புறம் எப்படி?"

குழாயை எடுத்த பிறகு நிஷாந்திக்குக் குரல் வந்தது. கரகரத்த, அவளுடையதல்லாத ஒரு குரல். பேசும்போது இடது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். கழுத்துக் கட்டு வலிக்கிறதோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. அது அவளுடைய பழைய பழக்கமாம்.

"எப்போலேந்து வலி?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளா."

"வந்து காட்டியிருக்கலாமேம்மா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அஞ்சலை தேநீர் வாங்கப் போன பிறகு சொன்னாள்.

"ஒம்பதாவது படிக்கறப்ப ஸ்கூல்ல பல்லு கேம்ப் போட்டாங்க மேடம். வரிசையில நின்னோம். ஒரு டாக்டர் என் வாயப் பாத்தாரு. 'கபடி ஆடுறியா நீ? ஆடவே வேணாம், வாயத் தொறந்து காட்டு, எதிர் டீமே ஓடிப்போயிடும்'னாரு. பின்னால நின்ன பசங்கல்லாம் சிரிச்சாங்க. அப்புறம் என்னை அப்படியேதான் கூப்புட்டாங்க, 'வாயத் தொற, வாயத் தொற'ன்னு."

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்ல. வலிச்சா கடையில மாத்திர வாங்கிப் போட்டுக்குவேன். கிராம்புத் தைலம் வெச்சுக்குவேன். டாக்டர்கிட்ட மட்டும் போவக்கூடாதுன்னு இருந்தேன்."

அந்த டாக்டர் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் கொடூரமானவராக இருந்திருக்க மாட்டார். வெயிலில் காலையிலிருந்து வாய்களைப் பார்த்துக் களைத்துப்போய், கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார். சாயங்காலமே மறந்தும் இருப்பார். இரண்டு வருடம் ஒரு பெண்ணை நம் கதவுப் பக்கம் வராமல் தடுத்தது அந்த ஒரு வேடிக்கைப் பேச்சு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வலியைவிடச் சிரிப்பு பெரிது. வலியை மாத்திரை போட்டு அடக்கலாம். வகுப்பின் சிரிப்பை எதைப் போட்டு அடக்குவது?

ஆனால் சொத்தை எப்படி வந்தது என்பதற்கு அது பதில் இல்லையே. அதற்கு நான் அவளிடம் "என்ன சாப்பிடுவே?" என்று கேட்காமல், விடிந்ததிலிருந்து என்ன நடக்கும் என்று கேட்டேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். "இனிப்பு ஜாஸ்தி சாப்பிடுவியா?" என்றால் "இல்ல மேடம்" என்றுதான் பதில் வரும். அவள் சொன்னதும் பொய்யில்லை. மிட்டாய் தின்கிறவள் இல்லை அவள்.

விடிவதற்கு முன்பே கம்பெனி வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். இவள் டீ போட்டு பிஸ்கட் நனைத்துத் தின்றுவிட்டு கிரவுண்டுக்கு ஓடுவாள். அங்கே டீச்சர் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் குளுக்கோசும் ஆரஞ்சுப் பொடியும் கலக்கி வைத்திருப்பார். பிராக்டீஸ் முடிந்ததும் எல்லோரும் பாட்டிலில் நிரப்பிக்கொள்வார்கள். வகுப்பில் அந்தப் பாட்டில் மடியிலேயே இருக்கும். ஒரு வாய், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாய். மாலைப் பிராக்டீசுக்கு மறுபடி நிரப்பல். ராத்திரி படிக்கும்போதும் மிச்சம் இருப்பது பக்கத்தில்.

"ஏம்மா, சும்மா தண்ணி குடிக்க மாட்டியா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "எங்க ஸ்கூல் தண்ணிய நீங்க குடிச்சிருக்கீங்களா மேடம்?"

அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்குப் போனேன். கிரவுண்டு ஓரத்துக் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை. கரிக்கிற உப்பு. கடல் அவ்வளவு பக்கம். வீட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் அதைச் சோற்றுக்கும் குடிக்கவுமாகச் சிக்கனமாகப் புழங்குகிறார்கள். நாளெல்லாம் ஓடுகிற பிள்ளைகள் குடிக்க என்ன செய்வார்கள்? பொடி கலந்தால் உப்பு தெரியாது. கடைக்குப் போனால் ஜில்லென்று கலர் சோடா. "கூல்டிரிங்ஸ் குடிக்காதே, தண்ணீர் குடி" என்று எத்தனை கேம்ப்களில் நாம் படம் போட்டுக் காட்டியிருக்கிறோம். எந்தத் தண்ணீரை என்று சொன்னதே இல்லை.

ஸ்டெல்லா டீச்சர் பின்னால் வந்து நின்றார். "என்ன மேடம், குழாயத் தொறந்து பாக்குறீங்க?"

அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அந்த டிரம்மைத் தன் காசில், தன் கையால் கலக்கியவர். சிறுமிகள் வெறும் வயிற்றில் மயங்கி விழக்கூடாது என்று செய்தது. அந்த அன்பைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டால் அந்த டீமில் இன்னும் எத்தனை நிஷாந்திகளோ.

சொன்னேன். சர்க்கரை எவ்வளவு என்பதைவிட, அது எத்தனை தடவை பல்லில் படுகிறது என்பதுதான் விஷயம் டீச்சர். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்தால் பல் தாங்கிக்கொள்ளும். எச்சில் வந்து சரிசெய்துவிடும். பொழுதுக்கும் வாய் வாயாக நனைத்தால் எச்சிலுக்கு நேரமே கிடைப்பதில்லை. ரெண்டு வேளை தேய்த்தும் பயனில்லாமல் போனது அதனால்தான்.

அவர் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் கையாலதான் மேடம் கலக்கிக் குடுத்தேன்."

"உங்க கைதான் டீச்சர் அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துச்சு. இல்லன்னா அவ வந்திருக்கவே மாட்டா."

அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை, உண்மை. ஆனால் உண்மையெல்லாம் உடனே ஆறுதலாகிவிடாது.

பிறகு அவர் செய்ததைச் சொல்கிறேன். பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்து சண்டை போட்டார். பெற்றோர்களைக் கூட்டினார். முதலில் கேனில் நல்ல தண்ணீர் வந்தது. பின்னால் உப்பு நீக்குகிற ஒரு சிறிய மெஷின் வந்தது. அது பாதி நாள் ரிப்பேர். டிரம் போகவில்லை. பிராக்டீஸ் முடிந்ததும் அங்கேயே ஒரு டம்ளர், உடனே வாய் கொப்பளிப்பு, பாட்டிலில் தண்ணீர் மட்டும் என்று ஆனது. காலையில் அவித்த கடலையோ முட்டையோ கொடுக்க முயன்றார். சில மாதம் முடிந்தது, சில மாதம் முடியவில்லை. பள்ளி வாசல் கடையில் கலர் பாட்டில்கள் அப்படியேதான் இருந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை.

நிஷாந்திக்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுக்க வேண்டியிருந்தது. மற்றவற்றை என்னால் முடிந்தவரை காப்பாற்றினேன். விளையாட்டு விடுதி கிடைக்கவில்லை. அந்தத் தேர்வு அவள் வார்டில் கிடந்தபோதே நடந்து முடிந்துவிட்டது. என்னிடம் சிகிச்சைக்கு வந்த பல மாதங்களில் அவள் அதைப் பற்றி ஒருமுறைதான் பேசினாள். "அன்னிக்கு நான் ஓடிப்போயிருந்தா ஆடியிருப்பேன்ல மேடம்?" என்றாள். "இல்லம்மா" என்றேன். அவள் நம்பினாளா, எனக்குத் தெரியாது. ஒரு உயிரைக் காப்பாற்றிய முடிவு அந்த உயிருக்கே இழப்பாகத் தெரியலாம். அதற்காக நன்றியை எதிர்பார்த்து நிற்காதீர்கள். நீங்கள் எடுத்தது சரியான முடிவு என்றால், அவர்கள் உங்கள்மேல் கோபப்படவாவது உயிரோடு இருப்பார்கள்.

அடுத்த வருடம் பொங்கலை ஒட்டி அந்தப் பக்கம் ஒரு ஊரில் பெண்கள் கபடிப் போட்டி. டீச்சர் கூப்பிட்டிருந்தார். மாலை வெயில், புழுதி, மைக்கில் ஒருவர் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார். நிஷாந்தி எதிரணிப் பக்கம் ரைடு போக எழுந்து வந்தாள். கழுத்தில் அந்தத் தழும்பு, சின்னதாக, மறைக்காமல். கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே இறங்கினாள்.

மைக்கில் கத்தியவர் அந்த நேரத்தில் என்ன காரணத்தாலோ வாயை மூடினார். அப்போது கேட்டது. "கபடி கபடி கபடி கபடி..." கரகரத்த குரல்தான். ஆனால் விடவில்லை. இடது பக்கம் பாய்ந்தாள், திரும்பினாள், குரல் நிற்கவில்லை. யாரோ காலைப் பிடித்தார்கள், இன்னும் இருவர் மேலே விழுந்தார்கள், புழுதிக்குள் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. விசில் ஊதும் வரை வந்தது.

நான் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா டீச்சர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"மேடம், உக்காருங்க. அவ அவுட்டு. எதுக்குக் கை தட்டுறீங்க?"